கடலுக்கு முதுகு காட்டிய பெஞ்சுகள்

கடலோரத்து நினைவுப் பூங்காவின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. பூப் பறிக்காதீர், எச்சில் துப்பாதீர், நாயைக் கூட்டிவராதீர் என்று மற்றப் பூங்காப் பலகைகளைப்போல அதுவும் சமர்த்தாகத்தான் தொடங்கும். பாதிக்கு மேல் அதற்கு என்னவோ ஆகிவிடும். பெஞ்சின்மேல் கால் வைக்காதீர். பெஞ்சின் சாய்மானத்தில் ஏறி உட்காராதீர். வெளியிலிருந்து ஸ்டூல், முக்காலி, நாற்காலி முதலியவற்றைக் கொண்டுவராதீர். புல்தரையில் எதையும் விரித்தோ விரிக்காமலோ அமராதீர். புதிதாகப் படிக்கிறவர், இந்த ஊரில் உட்காருவதே குற்றமோ என்று திகைத்து நின்றபடியே பூங்காவைச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்.

அப்படியெல்லாம் இல்லை. ஊர்க்காரர்கள் ஒழுங்காகத்தான் உட்காருகிறார்கள். பலகையின் பின்பாதி முழுக்க ஒரே ஒரு ஆளுக்காக எழுதப்பட்டது. எழுதியது பூங்காக் குழு. எழுதவைத்தது குஷன் அக்கா.

துறைமுகச் சாலையில் டயர் கடைக்கும் சலூனுக்கும் நடுவே இருக்கிறது அவள் கடை. வாசலில் ரெக்சின் சுருள்கள் ரேஷனுக்கு வந்தவர்கள்போல வரிசையாக நிற்கும். உள்ளே போனால் பசை நெடி மூக்கைப் பிடுங்கும். ஃபோம் துகள் தலையிலும் இமையிலும் ஒட்டிக்கொள்ளும். ஸ்கூட்டர் சீட், சலூன் நாற்காலி, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, படகுத்துறையின் நீள சோபா எல்லாம் வயிறு கிழிந்து வந்து சேரும். புதுத் தோல் போட்டுக்கொண்டு போகும். ஊரின் பெரிய மனிதர்களை எல்லாரும் முகத்தால் அறிவார்கள். அக்கா அவர்களை மறுபக்கத்தால் அறிந்தவள். "இந்த ஆபீசர் நாற்காலியப் பாரு, நுனி மட்டும் தேஞ்சிருக்கு. பாவம், மேல இருக்கறவருக்கு ரொம்பப் பயந்தவரு" என்பாள். சொன்னது சரியாகவும் இருந்துதொலைக்கும்.

அவளுடைய புருஷன் கடற்படைக் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். அவளுடைய கால்மிதித் தையல் மெஷினுக்கு மோட்டார் பொருத்திக் கொடுத்தவர் அவர்தான். அது இன்றைக்கும் கப்பல் எஞ்சின் மாதிரி இரைச்சல் போட்டுக்கொண்டு ஓடுகிறது; ரிப்பேர் மட்டும் ஆவதில்லை. ஒரு மழைக்காலத்தில் ரோந்துக்குப் போன அந்தக் கப்பல் திரும்பி வரவில்லை. ஒரு மிதவை வளையம் கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவில்லை.

இப்போது பூங்கா இருக்கும் இடம் அப்போது கரிக் கிடங்கு. கப்பல் புறப்படும்போது மாலுமிகளின் வீட்டார் அங்கேதான் வந்து, காலிச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து, துறைமுக வாயிலின் இரண்டு வெளிச்சக் கம்பங்களுக்கு நடுவே கப்பல் புள்ளியாகிறவரை பார்ப்பார்கள். திரும்புகிற நாளிலும் அதே சாக்கு, அதே இடம். கப்பல் போனபிறகும் அக்கா அங்கே வந்து உட்கார்வதை விடவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வருவாள், உட்கார்வாள், பார்ப்பாள், போவாள். அழுததை யாரும் பார்த்ததில்லை. சில நாள் கடலோடு சண்டை போட்டதைக் கரி அள்ளுகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

பிறகு, நாட்டுக்கு மாலுமிகளின் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தால் குழு அமைப்பதுதானே முறை? அமைத்தார்கள். கரியை அள்ளிப்போட்டுவிட்டுப் புல் பதித்தார்கள். கறுப்புக் கல்லில் பெரிய சுவர் எழுப்பி, கடற்படைப் பணியில் இறந்த அத்தனை பேரின் பெயரையும் வெட்டினார்கள். குறை சொல்ல முடியாத வேலை. அக்காவின் புருஷன் பெயரிலும் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. சுவருக்கும் கடலுக்கும் நடுவே, உயரமான சாய்மானம் வைத்த சிமெண்ட் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டுக் காங்கிரீட்டில் இறுக்கினார்கள். எல்லா பெஞ்சும் சுவரைப் பார்த்து. எல்லா முதுகும் கடலைப் பார்த்து.

திறப்பு விழாவில் அக்காவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பேண்ட் வாசித்தார்கள், திரை விலகியது, பேச்சுகள் நடந்தன. மேடையில் இருந்தவர்களுக்கு நல்ல கடல் தெரிந்தது. குடும்பத்தினருக்கு நல்ல சுவர் தெரிந்தது. மறுநாள் சாயங்காலம் அக்கா தனியாக வந்து பெஞ்சைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தொழில்காரி அல்லவா, அசைத்தும் பார்த்தாள். அசையவில்லை. செருப்பைக் கழற்றினாள், பெஞ்சில் ஏறினாள், சாய்மானத்தின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைக் கடல் பக்கம் தொங்கவிட்டாள்.

காவலாளி விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தான்.

"அக்கா! அக்கா! எறங்குங்க. பெஞ்சுல கால் வெச்சு ஏறக் கூடாது."

"எங்க எழுதியிருக்கு?"

"இதெல்லாம் எழுதணுமா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

"எனக்குத் தெரியலையே தம்பி. எழுதிப் போடச் சொல்லு, எறங்கிடுறேன்."

அடுத்த வாரம் எழுதிப் போட்டார்கள். அக்கா சொன்ன சொல் தவறாமல் இறங்கினாள். அதற்கடுத்த நாள் கையில் ஒரு ஸ்டூலோடு வந்தாள். நீல ரெக்சின், ஓரத்தில் வெள்ளைப் பட்டி. மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பெஞ்சு வரிசைக்குப் பின்னால் கடலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள். காவலாளி தலையில் கைவைத்துக்கொண்டான். "எங்க எழுதியிருக்கு?" என்றாள். அதையும் எழுதினார்கள். ஸ்டூலோடு விட்டால் முக்காலியோடு வருவாள் என்று முன்யோசனையாக முக்காலியையும் சேர்த்தார்கள். அக்கா புல்லில் உட்கார்ந்தாள். புல் விதி வந்தது.

இதில் கொழித்தவர் பலகை எழுதும் பெயிண்டர் ஒருவர்தான். அக்காவின் கடைப் பலகையையும் எழுதியவர் அவரே. கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "அக்கா, அடுத்த வாரம் என்ன செய்யறதா உத்தேசம்? முன்னாடியே சொன்னா கறுப்புப் பெயிண்ட் வாங்கி வெச்சுக்குவேன்" என்று விசாரித்துவிட்டுப் போவார்.

காவலாளியின் நிலைமைதான் பரிதாபம். வாசல் கூண்டில் அவனுக்கு ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள். இருக்கை கிழிந்து, ஃபோம் பிதுங்கி, கம்பி குத்தும். அக்கா ஒருநாள் அதைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு போய்ப் புது ரெக்சின் தைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

"எதுக்குக்கா இது? உங்களத் துரத்துறதே என் பொழப்பா இருக்கு."

"துரத்து. யாரு வேணாங்கறா? உக்காந்து துரத்து."

வீட்டில் இருந்த எதிர்க்கட்சி இன்னும் பலமானது. மாமியார். இடுப்பு எலும்பு முறிந்தபிறகு சக்கர நாற்காலி, காதும் மந்தம். காது மந்தமானவர்கள் ரகசியம் பேசினால் தெருவுக்கே கேட்கும். அவள் திட்டினால் எதுவரை கேட்கும் என்பதைத் தெருமுனை டீக்கடைக்காரர் சொல்வார்.

"பெரிய சுவரு கட்டி, எம்புள்ள பேரப் பொறிச்சு வெச்சிருக்காங்க. கண் குளிரப் பாத்துட்டு வராம, பெஞ்சுல ஏறிக்கிட்டு மானத்த வாங்குறியே!"

"பேரு எனக்குத் தெரியாதா அத்தை? கல்யாணப் பத்திரிகையிலயே பாத்துட்டேன்."

"அது நான் வெச்ச பேருடி!"

"அப்ப நீங்க பேரப் பாருங்க. நான் ஆளப் பாக்கறேன்."

மாமியார் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காதில் விழாமல் போனாளா, விழுந்ததால் போனாளா என்பது அக்காவுக்குத் தெரியவில்லை.

நினைவு நாள் நெருங்கியபோது குழுத் தலைவரே கடைக்கு வந்தார். கடற்படையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குக் கிடைத்தது, அவருடைய சட்டைக்குக் கிடைக்கவில்லை. மடிப்புக் கலையாமல் எப்போதும் கஞ்சியில் விறைத்து நிற்கும். ஊரில் அவருக்குக் 'கஞ்சிச் சட்டை' என்று பெயர். மூழ்கிய அந்தக் கப்பலுக்கு ஒரு காலத்தில் அவரே கேப்டன். அந்த மழைக்காலத்துக்குச் சற்று முன்னால்தான் கரைக்கு மாற்றல் ஆகி வந்தார். இது எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

பழுதுக்கு வந்திருந்த சலூன் நாற்காலியில் அவரை உட்காரச் சொன்னாள் அக்கா. முதுகு சாயாமல் நுனியில் உட்கார்ந்தார். அக்கா அதைக் கவனித்தாள். டீ வந்தது.

"அம்மா, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நினைவு நாள் அன்னைக்கு வெளியூர்லேர்ந்து பெரியவங்க வர்றாங்க. அன்னைக்கு ஒரு விதிய மீறினாலும், அப்புறம் பூங்கா கேட் உங்களுக்குத் தெறக்காது. என்னைக்குமே தெறக்காது."

அக்காவின் கையிலிருந்த வளைந்த ஊசி ஒரு நொடி நின்றது. கரிக் கிடங்கு காலத்திலிருந்து அந்த இடத்துக்கு அவள் போகாத நாள் கிடையாது. காய்ச்சலிலும் போயிருக்கிறாள்.

"விதியில இல்லாதத செஞ்சா?"

"விதியில இல்லாததுக்கு நான் யாரையும் தண்டிச்சதில்ல. கப்பல்லயும் இல்ல, கரையிலயும் இல்ல." அதைச் சொல்லும்போது அவர் கழுத்து இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் ஐயா. பெஞ்ச ஏன் இப்படித் திருப்பிப் போட்டீங்க?"

"உயிரக் குடுத்தவங்க பேருக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது."

"அவங்களுக்கே காட்டலாமா?"

தலைவர் டீக்கிளாஸைப் பார்த்தார். "கல்லு நல்லா பாலிஷ் பண்ணினது. அதுல கடல் தெரியும் அம்மா, கவனிச்சுப் பாருங்க."

"கண்ணாடியில பாக்கறதுக்கா நான் தினமும் வர்றேன்? என் மூஞ்சியில்ல தெரியுது அதுல."

அவர் எழுந்து போய்விட்டார். டீ பாதி இருந்தது.

நினைவு நாள் வந்தது. காற்று பலமாக அடித்து மலர்வளையங்களின் இதழ்களை உருவிக்கொண்டிருந்தது. அக்கா மாமியாரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, பெஞ்சு வரிசையின் ஓரத்தில் சுவரைப் பார்த்து நிறுத்திப் பிரேக் போட்டாள். தானும் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்து. கால் கீழே. கை மடியில். வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பிள்ளைகூட அவ்வளவு ஒழுங்காக உட்காராது. காவலாளி விசிலை வாயருகே வைத்தபடியே நின்றான். தலைவருக்கு மட்டும் முகத்தில் ஒரு நிம்மதி. பெரியவர்கள் பேசினார்கள். கடலைப் பற்றி நிறையப் பேசினார்கள், கேட்டுக்கொண்டிருந்தவர்களின் பிடரிக்குப் பின்னால் அது கிடந்தது.

கடைசியில் மௌன அஞ்சலி. ஊதுகொம்பு முழங்கியது. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

அக்காவும் எழுந்தாள். முழங்கால் மடக்கி மடக்கி ஆணி அடித்துத் தேய்ந்த மூட்டுகள். பெஞ்சைப் பிடித்துத்தான் எழுந்தாள். எழுந்தவள் அப்படியே திரும்பினாள். சாய்மானத்தின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள். அவ்வளவுதான். பெஞ்சில் கால் இல்லை, கையில் ஸ்டூல் இல்லை, புல்லில் உட்காரவில்லை. பலகையில் எழுதியிருந்த அத்தனையையும் மதித்து, முழு மரியாதையோடு, சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மேடையில் ஒரு சலசலப்பு ஓடியது. ஆனால் மௌன அஞ்சலி ஆயிற்றே, யாரும் வாயைத் திறக்க முடியாது. குழுச் செயலாளர் கண்ணாலேயே காவலாளியை ஏவினார். காவலாளி கண்ணை இறுக மூடிக்கொண்டு அஞ்சலி செலுத்தினான். அவனைப்போல உருக்கமாக அன்றைக்கு யாரும் செலுத்தவில்லை.

அந்த நேரத்தில், அக்காவின் காதோடு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மாமியார் பேசினாள். பூங்கா முழுக்கக் கேட்டது.

"ஏன்டி, நீ மட்டும் திரும்பிக்கிட்டா ஆச்சா? என்னச் சுவத்துக்கிட்ட விட்டுட்டியே. திருப்பு!"

அக்கா குனிந்து பிரேக்கை எடுத்தாள். சக்கரம் கிறீச்சிட்டுச் சுழன்றது. கிழவி கடலைப் பார்த்தாள். உதடு கோணியது, ஆனால் தாடையைத் தூக்கிக்கொண்டாள். "ம்" என்றாள், யாரோ ஏதோ கேட்டதற்குப் பதில்போல.

பக்கத்துப் பெஞ்சின் முன்னால் நின்ற, அதே கப்பலின் ரேடியோக்காரருடைய மனைவி பாதி திரும்பினாள், பிறகு முழுக்கத் திரும்பினாள். அவளுக்குப் பின்னால், மகனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தகப்பனார். எல்லாரும் திரும்பினார்கள் என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். திரும்பவில்லை. பலர் சுவரைத்தான் பார்த்தார்கள். எந்தப் பக்கமும் சேராத ஒருவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வகை ஆட்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு.

விருந்தினர்களின் கார்கள் போனதும் தலைவர் வந்தார். செயலாளர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"சார், இன்னையோட இவங்களுக்குத் தடை போட்ரலாம். நானே கேட்ல சொல்லிடறேன்."

"என்ன காரியம் இது?" என்று தலைவர் அக்காவைக் கேட்டார்.

"எங்க ஐயா எழுதியிருக்கு?"

தலைவருக்குப் பலகை மனப்பாடம். மேலிருந்து கீழ்வரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார் என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. பிறகு செயலாளரிடம் திரும்பி, "விதியில இல்ல" என்றார்.

"சார், விதியில இல்லாட்டி என்ன?"

"இல்லன்னா இல்ல. நாளைக்கு எழுதச் சொல்லுங்க."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் அப்போதும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார். விழாக்களில்கூட மேடை ஏறாமல், முன்வரிசையில் சுவரைப் பார்த்தே உட்காருகிறவர்; இத்தனை நாளும் அவர் வேறு எப்படியும் நின்று அவள் பார்த்ததில்லை.

"ஐயா, உங்களால அந்தப் பக்கம் பாக்க முடியலன்னா நீங்க திரும்பிக்கோங்க. தப்புச் சொல்ல மாட்டேன். எங்க கழுத்த எதுக்குப் பிடிச்சுத் திருப்பறீங்க?"

கஞ்சிச் சட்டையில் ஒரு கசங்கல் விழுந்தது போலிருந்தது. "நாளைக்கு விதி வரும்" என்றார். போய்விட்டார்.

மறுநாள் பெயிண்டர் ஏணியோடு வந்து, பழைய பலகையில் இடமே இல்லை என்று கையை விரித்தார். ஓரத்தில்கூட இல்லை, அக்காதான் நிரப்பிவிட்டாளே. புதுப் பலகை செய்ய முடிவானது. எங்கே நடுவது? வாசலில் என்றார் செயலாளர். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆபத்து இருக்கிற இடத்தில்தான் எச்சரிக்கை இருக்க வேண்டும். அது கடலில் படித்த ஒழுங்கு. பாறை இருக்கும் இடத்தில் விளக்கு வைப்பார்களா, துறைமுக ஆபீசில் வைப்பார்களா? குற்றம் நடந்தது பெஞ்சு வரிசைக்குப் பின்னால். ஆகவே, கடற்கரைக் கம்பிவேலியை ஒட்டி, பூங்காவைப் பார்த்து, இரண்டு காலில் புதுப் பலகை நின்றது.

நட்டு முடித்ததும் பெயிண்டர் பலகையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், திரும்பிச் சுவரைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனார். எழுதத்தானே கூலி, யோசிக்கவா என்று மூடிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் அக்கா வந்தாள். காவலாளி சங்கடத்தோடு எழுந்தான்.

"புது விதி வந்திருக்குக்கா. இனிமே சுவத்துக்கு முதுகு காட்டி நிக்கக் கூடாதாம், உக்காரக் கூடாதாம், சக்கர நாற்காலியையும் அப்படித் திருப்பக் கூடாதாம். மீறினா உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு."

"எங்க எழுதியிருக்கு?"

அவன் கையை நீட்டினான். நீட்டிய கை அந்தரத்தில் அப்படியே நின்றது. கம்பியோரத்தில் புதுப் பலகை பளபளத்தது. புதுப் பலகை என்றால் சும்மா விடுவார்களா? பூங்காவுக்கு வந்த அத்தனை பேரும் அதன் முன்னால் கூடி, சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவருக்கு முதுகு காட்டக் கூடாது என்பதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். பலகைக்கு மேலேயும் பக்கத்திலும் கடல் தாராளமாகக் கிடந்தது.

அக்கா சிரித்தாள். ரெக்சின் கிழிகிற மாதிரி ஒரு சிரிப்பு. நேராகப் போய்ப் பலகை முன்னால் நின்றாள்.

கூட்டம் கலைந்தபிறகும் நின்றாள். மூட்டு வலித்தது, காலை மாற்றி மாற்றி நின்றாள். பின்னால் ஏதோ இழுபடும் சத்தம். காவலாளி தன் கூண்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான்.

"வெளியிலேர்ந்து கொண்டுவரக் கூடாதுன்னுதான இருக்கு? இது உள்ள இருக்கற நாற்காலி" என்றான், யாரும் கேட்காமலே. "விதியப் படிக்கறவங்கள நான் எப்படித் தடுக்கறது? படிங்கக்கா. நிதானமாப் படிங்க."

அதன்பிறகு தினமும் படித்தாள். சில நாள் மாமியாரையும் படிக்கக் கூட்டிவந்தாள். சக்கர நாற்காலியும் ரெக்சின் நாற்காலியும் பக்கத்தில் பக்கத்தில். ரேடியோக்காரரின் மனைவிக்கும் திடீரென்று விதிகளில் அக்கறை வந்தது.

செய்தி போய்ச் சேர்ந்து, ஒரு சாயங்காலம் தலைவர் வந்தார். காவலாளி விறைத்து சல்யூட் வைத்தான். தலைவர் சுவர்ப் பக்கமிருந்து பெஞ்சுகளைத் தாண்டி நடந்துவந்து, தான் எழுதவைத்ததைச் சரிபார்க்க அக்காவின் நாற்காலிக்குச் சற்று முன்னால், பக்கவாட்டில் நின்றார். மூன்று வரி. படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் அதைத் தாண்டியும் நின்றார். காற்று சட்டையைப் பிடித்து உலுக்கியது. வெளிச்சக் கம்பங்களுக்கு நடுவே ஒரு படகு உள்ளே வந்துகொண்டிருந்தது. தொண்டையைச் செருமினார்.

"அம்மா, இது விதிமீறல்."

"விதியப் படிக்கறதா?"

"எத்தனை நாளைக்குப் படிப்பீங்க?"

"புரியற வரைக்கும் ஐயா."

தலைவர் அங்கிருந்து போகவில்லை. அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கையை அசைத்து, "ஒரு ஓரமா நின்னு படிங்க, மறைக்குது" என்றாள்.

அவர் பலகையை மறைத்து நிற்கவில்லை. குனிந்து தான் நிற்கும் இடத்தைப் பார்த்தார், நிமிர்ந்து கடலைப் பார்த்தார். ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.